நாலு டிஸ்க்கும் புழல் ஏரித் தண்ணீரும்



டிப்ளமோ முடித்து வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே, "தம்பி, சர்வர்ல எந்த ரெய்டு போடலாம்?" என்று யாராவது நம்மைக் கேட்கக்கூடும். என் ஊர் சடையங்குப்பம். சுற்றிலும் மணலி, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கே பார்த்தாலும் கன்டெய்னர் லாரிகள். அதனால் ஒரு லாரி ஆபீஸையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். டிரிப் ஷீட், டீசல் கணக்கு, டிரைவர் பேட்டா எல்லாம் ஒரே சர்வரில். அது அழிந்தால் முதலாளிக்கு நஷ்டம்தான். ஆனால் பாக்கிச் சம்பளத்துக்கு வேறு அத்தாட்சி இல்லாத டிரைவர் என்ன செய்வார்?

ரெய்டு என்றால் என்ன?

1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்க்கலாம். ஒன்று கெட்டாலும் தகவல் போகாதபடி செய்யலாம் என்பதே அதன் சாரம்.

நம்மிடம் 4 டெராபைட் டிஸ்க் நாலு இருக்கிறது என்போம்.

ரெய்டு 0: 16 டெராபைட் இடம். ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு!
ரெய்டு 5: 12 டெராபைட். ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்.
ரெய்டு 6: 8 டெராபைட். எந்த இரண்டு போனாலும் தாங்கும்.
ரெய்டு 10: 8 டெராபைட். ஜோடி ஜோடியாக நகல். ஒரே ஜோடியில் இரண்டும் போகக் கூடாது.

போன டிஸ்க் எப்படித் திரும்பி வருகிறது? டிஜிட்டல் லேபில் போட்ட அதே எக்ஸார் கேட்தான்! ஒரு டிஸ்க்கில் 1011, இன்னொன்றில் 0110 என்றால் பாரிட்டி 1101. முதல் டிஸ்க் போச்சா? 0110-ஐயும் 1101-ஐயும் எக்ஸார் போடுங்க. 1011 வந்துடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ரெய்டு 5-இல் சின்னதாக ஒன்றை எழுத நாலு வேலை: பழைய தகவலைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதுசு இரண்டையும் எழுது. ரெய்டு 10-இல் இரண்டே எழுத்து. அடிக்கடி மாறும் கணக்குக்கு அதுவே நல்லது. கேமரா பதிவு, ஸ்கேன் காப்பிக்கு ரெய்டு 6 போதும். இன்னொரு விஷயம்: வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டைப் புது டிஸ்க்கில் நிரப்ப ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் இரண்டாவது டிஸ்க்கும் மக்கர் பண்ணினால் ரெய்டு 5 காலி.

அமைக்கும்போது டிஸ்க் ஒவ்வொன்றிலும் சீரியல் நம்பர் சீட்டு ஒட்டுங்கள். இல்லையேல் கெட்டதை விட்டு நல்லதைக் கழற்றிவிடுவோம். யுபிஎஸ் அவசியம். டிஸ்க் கெட்டால் மெயில் வரும்படி செய்யுங்கள். உண்மையான கணக்கை ஏற்றுவதற்கு முன்பே ஒரு டிஸ்க்கைக் கழற்றி, மாற்றிப் பழகிக்கொள்ளுங்கள்.

ரெய்டு, பேக்கப் ஆகாது!

புழல் ஏரி உபரிநீர் வடகரை, மணலி, சடையங்குப்பம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வடசென்னை பட்ட பாடு நமக்குத் தெரியும். நாலு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், பெட்டியோ தரையில். தண்ணீர் வந்தால் இது ரெய்டு 6-ஆ, 10-ஆ என்று பார்க்குமா? தவறி ஒரு ஃபைலை அழித்தாலும் அந்த அழிப்பு எல்லா டிஸ்க்கிலும் உடனே நடந்துவிடும்.

2025 செப்டம்பர் 26-இல் தென் கொரியாவின் தேஜான் நகர அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஜி-டிரைவில் 858 டெராபைட் அழிந்தது. வெளியிடத்தில் நகல் இல்லை! அரசாங்கத்துக்கே இந்த கதி.

எனவே 3-2-1 கணக்கை மறவாதீர்கள்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். அந்த வேறு ஊர், ஏரித் தண்ணீர் வரும் அதே வழியில் இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு டிரிப் ஷீட்டைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.