ஹுவான் ஓதோனொஹு

ஸெவில் நகரில் 1762-ஆம் ஆண்டில் பிறந்த ஹுவான் ஓதோனொஹு என்பாரை, மெக்ஸிகோவை ஆளும்படி 1821-இல் ஸ்பெயின் அரசாங்கத்தார் அனுப்பினர். வெராகுரூஸ் துறைமுகத்தில் இறங்கிய அவர், நாட்டின் பெரும்பகுதி சுதந்தரப் படையினர் வசமாயிருக்கக் கண்டார். போர் தொடுப்பின் வீணே இரத்தம் பெருகுமென்றுணர்ந்து, ஆகஸ்டு 24-இல் கொர்தோபா என்னும் ஊரிலே, அப்படைத்தலைவராகிய இதுர்பிதேயோடு உடன்படிக்கை செய்து, மெக்ஸிகோவின் சுயேச்சையை ஒப்புக்கொண்டார். அங்ஙனஞ் செய்ய அவருக்கு அதிகாரமில்லை. ஆயினும், அடுத்த மாதம் தலைநகரிலிருந்த ஸ்பானியப் படை விலகிற்று. சுதந்தரப் படை உட்புகுந்தது. அக்டோபர் 8-இல் ஓதோனொஹு நோயால் இறந்தார்.

1822-இல் ஸ்பெயின் அவ்வுடன்படிக்கையைத் தள்ளிற்று. 1836-இலோ மெக்ஸிகோவின் சுதந்தரத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. கட்டளையைக் காத்தல் கடமை. உயிர்களைக் காத்தலுங் கடமையே. இவ்விரண்டும் முரணுமிடத்து நாம் எதனைத் தெரிந்துகொள்வோமென்று நம்மையே வினவுவோமாக.