செரட்டோனின்: குடலிலும் மூளையிலும்

மனச்சோர்வுக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டு, "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குமட்டல்தான் வந்தது" என்று சொல்பவர்களை, மருத்துவ உதவி கேட்டு வருவோரிடையே நாம் அவ்வப்போது பார்க்கிறோம். மனதுக்குக் கொடுத்த மருந்து வயிற்றை ஏன் புரட்டுகிறது என்று யாராவது முன்பே விளக்கியிருந்தால், அவர்களில் பலர் மாத்திரையைத் தொடர்ந்திருப்பார்கள். அந்த விளக்கம் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைப் பற்றியது.

"மகிழ்ச்சி ஹார்மோன்" என்று வாட்ஸ்அப் செய்திகளில் சுற்றி வருவது இதுதான். பெயர் கவர்ச்சியாக இருக்கிறது, ஆனால் பாதிகூடப் பொருந்தாது. நம் உடலில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உண்டாகிறது. மூளையில் இருப்பது மிகச் சிறிய பங்கு.

கண்டுபிடித்த வரிசையும் அப்படித்தான். 1930களில் இத்தாலிய விஞ்ஞானி விட்டோரியோ எர்ஸ்பாமர், தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் குடல் சுவரின் செல்களில் இருப்பதைக் கண்டு அதற்கு 'என்டரமின்' என்று பெயரிட்டார். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவரும் ரத்தத்திலிருந்து, ரத்தக் குழாயை இறுக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ரத்த நீருக்கு 'சீரம்', இறுக்கத்துக்கு 'டோன்'. இரண்டும் சேர்ந்து செரட்டோனின் ஆனது. இரண்டு பொருளும் ஒன்றே என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. மூளையிலும் அது இருக்கிறது என்பதைப் பெட்டி ட்வாரோக் என்ற பெண் விஞ்ஞானி பேஜுடன் சேர்ந்து 1953-இல் வெளியிட்டார்.

குடலில் அது என்ன செய்கிறது? உணவு இறங்கிக் குடல் சுவரை அழுத்தும்போது அங்குள்ள செல்கள் செரட்டோனினை வெளியிடுகின்றன. அது நரம்புகளைத் தூண்ட, குடல் சுருங்கி விரிந்து உணவை முன்னே தள்ளுகிறது. கெட்டுப்போன உணவு உள்ளே போனால் அளவுக்கு மீறிச் சுரந்து, "வெளியேற்று" என்ற செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது; வாந்தி வருகிறது. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களுக்கு வாந்தியை அடக்கக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் மருந்து, இந்தச் செய்தியை வழியில் மறிப்பதுதான். ரத்தத்தில் உள்ள தட்டணுக்களும் குடலிலிருந்து வரும் செரட்டோனினை வாங்கிச் சேமித்து வைத்து, காயம் பட்ட இடத்தில் விடுகின்றன. ரத்தம் உறைய அது உதவுகிறது.

மூளைக்கு இந்தக் குடல் செரட்டோனின் போய்ச் சேராது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்ட அதற்கு முடியாது. மூளைத் தண்டில் உள்ள சின்னஞ்சிறு நரம்புத் தொகுதிகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே தயாரித்து, மூளை முழுவதும் நீளும் இழைகள் வழியே அனுப்புகின்றன. தூக்கம், பசி, வலி, பதற்றம், உடல் வெப்பம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. இரவில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனினும் செரட்டோனினிலிருந்தே உருவாகிறது.

அதனால்தான் "வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறது, சாப்பிட்டால் மனம் தெளியும்" என்பது சரியல்ல. பழத்தில் இருப்பது உண்மை. மூளைக்குப் போகாது என்பதும் உண்மை. மூளைக்குப் போவது டிரிப்டோஃபான் என்ற மூலப்பொருள். முட்டை, பால், மீன், கோழி, வேர்க்கடலை, எள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வழக்கமான சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு அது போதிய அளவு கிடைத்துவிடும். காலை வெயிலில் நடப்பதும் நேரத்துக்குத் தூங்குவதும் மனநிலைக்கு நல்லது. ஆனால் கடும் மனச்சோர்வில் இருப்பவரிடம் "நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும்" என்று சொல்வதும், ஈமான் குறைந்துவிட்டது என்று பழி போடுவதும் அவரை இன்னும் ஒடுங்கவே வைக்கும். சர்க்கரை நோயாளியிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை.

மனச்சோர்வு என்றாலே செரட்டோனின் குறைவுதான் என்று நெடுநாள் சொல்லப்பட்டது. 2022-இல் வெளியான ஒரு விரிவான மறுஆய்வு அதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. மனச்சோர்வைக் கண்டறிய ரத்தத்தில் செரட்டோனின் அளவு பார்ப்பதாலும் பயனில்லை. அப்படிக் காசு செலவழிக்க வேண்டாம். என்றாலும் ஃபுளுவாக்செடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மாத்திரைகள் பலருக்கு உதவுகின்றன என்பது சோதனைகளில் தெரிந்தது. வெளியிட்ட செரட்டோனினை நரம்பு உடனே திரும்ப உறிஞ்சாமல் அவை தடுக்கின்றன. இந்த வேலை மூளையோடு நிற்காமல் குடலிலும் நடப்பதால் முதல் வாரத்தில் குமட்டலோ வயிற்றுப்போக்கோ வரலாம். பெரும்பாலும் சில நாளில் தணிந்துவிடும். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். மனதில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். தொந்தரவு முன்னே வந்து பலன் பின்னே வருவதுதான் இந்த மருந்தின் சிக்கல்.

நன்றாக இருக்கிறதே என்று திடீரென நிறுத்துவதும் தவறு. தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும். மருத்துவர் சொல்லி, அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ரமலானில் நோன்பு வைக்க விரும்புகிறவர்கள் மாதம் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நாளுக்கு ஒரு வேளை எடுக்கும் மாத்திரையைச் சஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ மாற்றிக்கொள்வது பொதுவாகக் கடினமல்ல. தாய்ப்பால் கொடுக்கும் தாய்மாருக்கும் பொருத்தமான மருந்துகள் உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த மாத்திரை எடுப்பவர் மூட்டு வலிக்கு டிரமடால், சளிக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்து என்று கடையில் கேட்டு வாங்கிவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறலாம். நடுக்கம், மிகுந்த வியர்வை, காய்ச்சல், படபடப்பு, குழப்பம் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த மருத்துவரைப் பார்த்தாலும் பழைய சீட்டைக் கையில் கொண்டு போங்கள்.

25 வயதுக்குட்பட்டவர்கள் மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தாலோ, இயல்புக்கு மாறான பரபரப்பு தெரிந்தாலோ அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நள்ளிரவானால் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். 24 மணி நேரமும் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.