சாலையோரக் கல்லும் 66 அடிச் சங்கிலியும்

அமெரிக்காவில் ஓஹியோ ஆற்றின் வடகரையை ஒட்டி ஒரு நெடுஞ்சாலை செல்கிறது. ஓஹியோ, பென்சில்வேனியா மாநிலங்களின் எல்லையில், ஈஸ்ட் லிவர்பூல் என்ற ஊருக்கு அருகே, அச்சாலையோரத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. 1960ஆம் ஆண்டு நாட்டப்பட்டது. நினைவுக்கற்கள் பெரும்பாலும் ‘இவ்விடத்தில்தான்’ என்று பெருமை பேசுவன. இந்தக் கல்லோ, நிகழ்ச்சி நடந்த இடம் இங்கிருந்து தெற்கே 1,112 அடி தள்ளி இருக்கிறது என்று அறிவிக்கிறது! தேடிப் போனால் தண்ணீரில்தான் இறங்க வேண்டும். படகுப் போக்குவரத்துக்காகக் கட்டிய அணைகளால் ஆற்று மட்டம் உயர்ந்து, பழைய கரை மூழ்கிவிட்டது.

அங்கே என்ன நடந்தது? 1785 செப்டம்பர் 30 அன்று தாமஸ் ஹட்சின்ஸ் என்பவர் அங்கிருந்து மேற்கு நோக்கி ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். புதிதாக விடுதலை பெற்ற அமெரிக்க அரசுக்குப் போர்க்கடன் மிகுதி. ஆற்றுக்கு அப்பாலுள்ள நிலத்தை ஏக்கர் ஒரு டாலருக்குக் குறையாமல் விற்றுக் கடனைத் தீர்க்க எண்ணியது. விற்பதற்கு முன் அளக்க வேண்டுமல்லவா?

அளவுகோல், எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 1620இல் வகுத்த சங்கிலி. நீளம் 66 அடி, கண்ணிகள் 100. ‘அதென்ன 66?’ என்று கேட்பீர்கள். 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பெருக்கிப் பாருங்கள், எளிமை விளங்கும். நம் ஊரில் நிலம் பேசும்போது சொல்லும் ‘சென்ட்’டும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதே: ஒரு சதுரச் சங்கிலி சரியாக 10 சென்ட்.

ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்ட சதுரங்களாக நிலத்தை வகுப்பது திட்டம். ஒவ்வொன்றிலும் 640 ஏக்கர் கொண்ட 36 மனைகள். அவற்றுள் 16ஆம் எண் மனை பள்ளிக்கூடத்துக்கு என்று சட்டத்திலேயே எழுதிவைத்தனர்.

தாளில் சதுரம் போடுவது எளிது. காட்டில் இழுபட்டுத் தேய்ந்து, சங்கிலி ஓர் அங்குலம் நீண்டுவிட்டதாகக் கொள்வோம். ஆறு மைலுக்கு 480 முறை சங்கிலி பிடிக்க வேண்டும். ஆகவே 480 அங்குலம், அதாவது 40 அடி பிழை! சங்கிலியைச் சரிசெய்து விடலாம்; பூமியை என் செய்வது? சாத்துக்குடிச் சுளைகளைப் பாருங்கள். நடுவில் அகன்று, காம்பருகே கூர்ந்து ஒன்றுசேர்கின்றன. வடக்கு நோக்கி வரையும் கோடுகளும் அப்படித் துருவத்தில் கூடுபவை. ஓஹியோவின் அட்சரேகையில், ஆறு மைல் அகலமுள்ள நிலம் ஆறு மைல் வடக்கே போவதற்குள் ஏறத்தாழ 41 அடி குறுகிவிடும். உருண்டையின் மேல் சதுரக் கட்டம் பொருந்தாது. பிந்திய அளவையாளர்கள் இடையிடையே திருத்தக் கோடுகள் போட்டுச் சமாளித்தனர்.

ஆனால் ஹட்சின்ஸைத் திரும்ப வைத்தது இந்தக் கணக்கு அன்று. சுமார் நான்கு மைல் அளந்ததும், பழங்குடியினர் தாக்குகின்றனர் என்ற செய்தி வந்தது, வேலையை நிறுத்திவிட்டார். மறு ஆண்டுதான் மீண்டும் தொடங்கினார்.

கல்லில் ஹட்சின்ஸ் பெயர் உண்டு. அந்தப் பழங்குடியினரைப் பற்றிச் சொல் ஒன்றும் இல்லை. ‘தொடக்கப் புள்ளி’ என்று மட்டும் பொறித்துள்ளனர். அளவைக்கு அது தொடக்கம்தான், சரியே. வெப்பமானியில் 0 டிகிரி செல்சியஸ் என்றால் வெப்பமே இல்லை என்று நீங்கள் எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் தருவாரா? நாம் வசதிக்காகக் குறித்துக்கொண்ட சுழி அது. அதற்குக் கீழேயும் வெப்பம் உண்டு. ஹட்சின்ஸ் முளையடித்த நிலமும் வெறும் நிலமாக இருக்கவில்லை. ஷானி, டெலவேர், வயண்டாட் முதலிய மக்கள் அந்நாட்டில் வேட்டையாடியும் சோளம் பயிரிட்டும் வாழ்ந்தனர். 1785 ஜனவரியில் சில குழுக்களிடம் அரசு ஓர் உடன்படிக்கை எழுதி வாங்கியது. ஷானி மக்கள் அதில் கையெழுத்திடவில்லை. பிறகு வந்த போரில் பழங்குடியினர் 1794இல் தோற்றனர். மறு ஆண்டு, கிரீன்வில் உடன்படிக்கையின்படி இன்றைய ஓஹியோ மாநிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தனர். சங்கிலி மேற்கே நகர்ந்தது.