நடுக்களத்தில் ஒரு பெண்மணி

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக இந்தப் பாடத்தை எழுதுகிறேன். பெற்றோரும் உடன் அமர்ந்து படிக்க வேண்டுகிறேன்.

கால்பந்தில் கோல் போட்டவர் பெயரை ஊரே சொல்லும். தற்காப்பு வரிசையிடம் பந்தை வாங்கி முன்வரிசைக்குக் கொண்டு சேர்ப்பவர் நடுக்கள ஆட்டக்காரர். எதிரணி பாய்ந்து வந்தால் பின்னால் ஓடித் தடுப்பவரும் அவரே. இந்த ஓயாத வேலையை இந்திய அணிக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தவர் மணிப்பூரின் பெம்பெம் தேவி.

1980இல் இம்பாலில் பிறந்த அவர், பையன்களோடு ஆடித்தான் பந்து பழகினார். 1995இல், பதினைந்து வயதில், இந்தியாவுக்காகக் களமிறங்கினார். பிறகு அணித்தலைவியும் ஆனார்.

வழி எளிதாக இல்லை. 2009இல், பதினெட்டு மாதங்களுக்கு மேல் ஆட்டமே இல்லாததால், உலகத் தரவரிசையிலிருந்தே நம் மகளிர் அணி நீக்கப்பட்டது. ஆடத் திறமை இருந்தது, ஆட்டம்தான் இல்லை. அவர் பயிற்சியை விடவில்லை. 2010, 2012, 2014 ஆகிய மூன்று தெற்காசியப் பட்டங்களை வென்ற அணிகளில் அவர் இருந்தார். 2016இல் ஷில்லாங்கில் தெற்காசிய விளையாட்டுத் தங்கத்துடன் விடைபெற்றார்.

பெண்களுக்கான தேசிய லீக் 2016-17இல்தான் தொடங்கியது. 1983இல் சாந்தி மல்லிக் பெற்ற அர்ஜுனா விருது, அடுத்த கால்பந்துப் பெண்ணான இவருக்கு 2017இல் கிடைத்தது. இடையில் 34 ஆண்டுகள்! 2020இல் பத்மஸ்ரீ வந்தது.

2019இல் அதே தேசிய லீக்கை மதுரையின் சேது அணி வென்றது. ஆகவே இது நமக்குத் தொலைவான கதையல்ல.

எங்கள் குடியிருப்பு மைதானத்தில் ஐந்தாம் வகுப்புச் சிறுமிகள் ஆடுகிறார்கள். எட்டாம் வகுப்பில் ஒருத்தியும் இல்லை. "வெயிலில் கறுத்துவிடுவாள்", "பாஷை தெரியாத ஊரில் தனியாக எப்படி அனுப்புவது" என்கிறோம். இரண்டாவது கவலை நியாயமானது. என் மகளுக்காக நானும் பட்டதுதான். அதற்கு வழி, நான்கு வீட்டார் முறைவைத்துத் துணைக்குப் போவது. மாலையில் ஒரு மணி நேரம் போதும்.

சொற்பொருள்
தற்காப்பு – கோல் விழாமல் காத்தல்
களமிறங்குதல் – ஆடத் தொடங்குதல்

வினாக்கள்
1. நடுக்கள ஆட்டக்காரரின் இரு கடமைகள் யாவை?
2. 2009இல் நம் அணி தரவரிசையிலிருந்து நீக்கப்பட்டது ஏன்?
3. உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ விட்டுவிட்ட விளையாட்டு எது? கேட்டு ஐந்து வரி எழுதுக.