எல்லோர் கண்ணுக்கும் ஒரே கணக்கு
விரிதாளை நிலையான பக்கமாக மாற்றிப் பகிரும் முறை

ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு, அதனை எழுதியவருக்கு மட்டும் உரியதன்று. ஊரார் அனைவருக்கும் உரியது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஆண்டு வரவு செலவுத் திட்டத்தையும் முந்திய ஆண்டின் தணிக்கை அறிக்கையையும் கிராம சபையின் ஒப்புதலுக்கு உரியனவாக வைத்திருப்பதன் கருத்தும் இதுவே. கணக்கைத் தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், அதனைக் காண்போர் அனைவரும் ஒரே எண்களையே காண்கின்றனர். இன்றோ கணக்கு கணிப்பொறியில் எழுதப்பெற்று, செல்பேசி வழியாக வீடுதோறும் செல்கின்றது. இவ்வசதி வரவேற்கத்தக்கதே. ஆனால் அனுப்பியவர் கண்ட எண்களையே பெறுபவரும் காண்கின்றாரா என்பதைக் கவனித்தல் வேண்டும்.

விரிதாளின் இயல்பு

கணிப்பொறியில் கட்டம் கட்டமாகக் கணக்கு எழுத உதவும் ஏட்டினை விரிதாள் என்கிறோம். 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் என்னும் இருவர் உருவாக்கிய விசிகால்க் இவ்வகையில் புகழ்பெற்ற முன்னோடியாகும். இன்று எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் ஆகியவை பெரிதும் வழங்குகின்றன. ஒரு கட்டத்தில் உள்ள எண்ணை மாற்றினால், அதனைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் தாமாகவே மாறிவிடும். கணக்கு எழுதுவோருக்கு இது பெருந்துணை. ஆனால் எழுதி முடித்த கணக்கைப் பலருக்கும் அனுப்பும்போது இவ்வியல்பே இடர் தருகின்றது.

ஓர் உதாரணம் கொள்வோம். ஓர் ஏரிப் பாசனத்தில் இருபது விவசாயிகளுக்கு முறைத்தண்ணீர்ப் பட்டியல் விரிதாளில் எழுதப்பெற்று, அப்படியே அனுப்பப்படுகின்றது. பெற்றவர்களுள் ஒருவர் தம் பெயரை எளிதில் காண்பதற்காகப் பெயர்ப் பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்துகின்றார். பெயர்கள் இடம் மாறிவிடுகின்றன. நாளும் நேரமும் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. நான்கு மணி நேரத் தண்ணீருக்கு உரியவர் பெயருக்கு எதிரே இரண்டு மணி நேரம் என்று காண்கின்றது. அப்பிரதி மேலும் பத்துப் பேருக்குச் செல்லுமாயின், மடையின் தலையில் சச்சரவு எழுவதில் வியப்பில்லை. இங்கே எவரும் வஞ்சனை செய்யவில்லை. மாறக்கூடிய ஏட்டை மாறாத ஏடாகக் கருதியதே பிழை.

வேறு இரு தொல்லைகளும் உண்டு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதிய தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். மேலும், விரிதாளில் மறைத்து வைத்த பத்திகளும் தாள்களும் கோப்புடன் சேர்ந்தே செல்லும். பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் ஆகியவை மறைந்த பத்தியில் இருப்பின், அவை ஊரெங்கும் பரவிவிடக்கூடும்.

பரிகாரம்

இத்தொல்லைகளுக்குப் பரிகாரம் எளிது. கணக்கை விரிதாளில் எழுதுக, பகிரும்போது பி.டி.எஃப். என்னும் நிலையான பக்கமாக மாற்றிப் பகிர்க. 1993ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் வெளியிட்ட இம்முறை, 2008ஆம் ஆண்டில் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. இதில் வரிகளும் பத்திகளும் அச்சிட்ட தாளில் உள்ளவாறே நிற்கும். வேண்டிய எழுத்துரு வடிவங்களும் பொதுவாகக் கோப்பினுள்ளேயே அடங்கிவிடும். ஆதலின் எந்தச் செல்பேசியில் திறந்தாலும் பக்கம் ஒரே தோற்றம் தரும். வாய்பாடுகளும், மறைத்த பத்திகளும் தாள்களும் அச்சில் வருவதில்லை. ஆகவே இப்பக்கத்திலும் அவை வருவதில்லை.

செய்யும் முறை

முதலாவதாக, காட்டவேண்டிய பகுதியை மட்டும் அச்சுப் பரப்பாக வரையறுத்தல் வேண்டும். எக்செல்லில் ‘பேஜ் லேஅவுட்’ பகுதியில் உள்ள ‘பிரிண்ட் ஏரியா’ இதற்கு உதவும்.

இரண்டாவதாக, தாளின் அளவை ஏ-4 என வைத்து, பத்திகள் மிகுதியாக இருப்பின் தாளைக் குறுக்குவாட்டில் அமைத்தல் நன்று. எல்லாப் பத்திகளும் ஒரே பக்க அகலத்தில் அடங்குமாறு செய்தல் வேண்டும். இதனைச் செய்யாவிடில், வரவு ஒரு பக்கத்திலும் செலவு மற்றொரு பக்கத்திலும் பிரிந்துவிடும். எழுத்து மிகச் சிறுத்துவிடுமாயின், தேவையற்ற பத்திகளை நீக்குவதே முறை. முதியோரும் படிக்க முடியாத கணக்கு, காட்டிய கணக்கு ஆகாது.

மூன்றாவதாக, பட்டியல் பல பக்கங்களில் செல்லுமாயின், தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் வருமாறு ‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ வாயிலாக அமைத்தல் வேண்டும். ஊராட்சியின் பெயர், கணக்குக் காலம், தயாரித்த தேதி, பக்க எண் ஆகியவையும் இடம்பெற வேண்டும்.

நான்காவதாக, அச்சு முன்தோற்றத்தைப் பார்த்தல் வேண்டும். எண்ணுக்குப் பதிலாக ‘####’ என்ற குறி தோன்றினால், அப்பத்தி குறுகியுள்ளது என்பது பொருள், அதனை அகலப்படுத்துக.

இறுதியாக, எக்செல்லில் ‘ஃபைல்’ பட்டியிலுள்ள ‘சேவ் ஆஸ்’ வழியே பி.டி.எஃப். வகையைத் தேர்ந்து சேமிக்கலாம். லிப்ரே ஆபீஸில் ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ என்பதும், கூகுள் ஷீட்ஸில் ‘டவுன்லோட்’ என்பதும் இதே பணியைச் செய்யும். லிப்ரே ஆபீஸ் விலையின்றிக் கிடைப்பதால் சிறிய சங்கங்களுக்கும் ஏற்றது.

அனுப்புமுன், மாற்றிய கோப்பை வேறொரு செல்பேசியில் திறந்து, கூட்டுத்தொகையை மூல ஏட்டுடன் ஒப்பிடுதல் வேண்டும். இதற்குச் செலவாகும் ஐந்து நிமிடம், கிராம சபையில் ஒரு மணி நேர வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

பி.டி.எஃப். கோப்பு தற்செயலான மாற்றத்தைத் தடுக்குமேயன்றி, வேண்டுமென்றே செய்யும் திருத்தத்தை முற்றிலும் தடுக்காது. எனவே கையொப்பமிட்ட அச்சுப்பிரதி ஒன்று அலுவலகத்தில் இருத்தல் அவசியம்; ஐயம் எழுந்தால் அதனோடு ஒப்பிடலாம். மூல விரிதாளையும் அழித்துவிடலாகாது. கூட்டலைச் சரிபார்க்கும் தணிக்கையாளருக்கு அதுவே தேவைப்படும். இனி எழுதும் கணக்குகளை யூனிகோடு முறையில் எழுதுதல் நலம். 2010ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு இம்முறையை ஏற்றுள்ளது. பழைய எழுத்துருவில் எழுதியது பக்கத்தில் சரியாகத் தோன்றினாலும், அதில் ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடித்தல் அரிது.

ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் கணக்கைக் கேட்டுப் பெறும்போது, தேதியும் பக்க எண்ணும் உள்ள நிலையான பிரதியையே கேட்டுப் பெறுதல் வேண்டும். எல்லோர் கையிலும் ஒரே கணக்கு இருக்குமாயின், கிராம சபையில் எந்தத் தாள் சரி என்ற பேச்சு எழாது. பணம் எவ்வாறு செலவாயிற்று என்ற பேச்சே நிகழும். கிராம சபை கூடுவதன் நோக்கமும் அதுவேயாகும்.