பாரதியின் பாட்டும் தணிக்கையும்

அச்சிட்ட நூலைப் பறிமுதல் செய்யலாம்; அச்சகத்துக்கு முத்திரை வைக்கலாம். வாய்மொழியாய்ப் பரவிவிட்ட மெட்டை என் செய்வது? இவ்வினா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நாட்டு ஆட்சியாளரையும் அலைக்கழித்தது. பாரசீகத்தில் 1906-ஆம் ஆண்டு அரசியலமைப்புக் கிளர்ச்சி எழுந்த காலத்தே ஆரிஃப் கஸ்வீனி என்னும் கவிஞர், ‘தஸ்னீஃப்’ எனப்படும் இசைப்பாடல்களைத் தாமே இயற்றி, தாமே மெட்டமைத்து, தாமே மேடையேறிப் பாடினார். முதல் உலகப் போர்க் காலத்தில் இஸ்தான்புல் நகரில் அடைக்கலம் புகுந்தார். அவருடைய திவான் 1924-இல் அச்சேறியது தெஹ்ரானில் அன்று, பெர்லினில். 1934-இல் ஹமதான் நகரில் வறுமையோடு மறைந்தார். அவர் காலத்துக் கவிஞர் ஃபர்ருகி யஸ்தியின் உதடுகளையோ ஆளுநர் ஒருவர் ஊசி நூல் கொண்டு தைக்கவே செய்தார்.

தமிழில் ஆரிஃபோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கவர், அவர் காலத்தவரான சுப்பிரமணிய பாரதியார் (1882–1921). பாட்டு பாடுவதற்கே என்பது பாரதியாரின் கொள்கை. பொருள் விளங்காத மொழியில் பாடித் திரிந்த வித்துவான்களைத் தம் கட்டுரையில் அவர் கடிந்தார். கும்மி, கிளிக்கண்ணி, நொண்டிச்சிந்து முதலியவை மக்கள் நாவில் ஏற்கெனவே பழகிய வடிவங்கள். அவற்றில் புதுப்பொருளைப் பெய்தார். நெல்லை ஆட்சியர் விஞ்ச், வ. உ. சிதம்பரனாரைப் பார்த்துக் கூறுவதாக அமைந்த பாட்டுக்கு, நந்தனார் சரித்திரத்தில் ஆண்டை நந்தனைக் கடியும் பாட்டின் மெட்டையே அவர் தெரிந்துகொண்டார். கதாகாலட்சேபம் கேட்டுப் பழகியவர்க்கு மெட்டைக் கேட்ட மாத்திரத்தில் ஆண்டை யார், அடிமை யார் என்பது விளங்கிவிடும். இதனைத் தணிக்கை அதிகாரி எங்ஙனம் தம் கோப்பில் குறித்துக்கொள்வார்?

தொடக்கத்தில் இப்பாடல்களை எவரும் அஞ்சவில்லை. மிதவாதியாகிய வி. கிருஷ்ணசாமி ஐயர் 1907-இல் மூன்று பாடல்களைச் சிறு வெளியீடாக 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அவரே பின்னர் உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் ஆளுநரின் நிர்வாக சபை உறுப்பினராகவும் அமர்ந்தார் என்பது எண்ணத்தக்கது.

1908-இல் நிலை மாறிற்று. ‘இந்தியா’ இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் கைதாகி ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுவை சென்றார். ‘இந்தியா’ அவ்வாண்டு அக்டோபரில் அங்கிருந்து மீண்டும் வெளிவரலாயிற்று.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மாணவர்கள் ஈண்டு நிலப்படத்தை ஒருமுறை பார்த்தல் வேண்டும். புதுவையின் நிலப்புறம் முழுவதையும் வளைத்து நின்றது அன்றைய தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல்தான். சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையோ விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் கடந்தே செல்வது. ஆகவே புதுவையில் அச்சான இதழ்க்கட்டு தன் வாசகரை அடைய இம்மண்ணையே முதலில் மிதிக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் இதழைத் தடுத்துவிட்டால் போதும், ஆசிரியரைத் தொடவேண்டியதில்லை. அவ்வாறே நேர்ந்தது. 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றது. மறு ஆண்டில் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ என்னும் இரு நூல்களுக்கும் சென்னை அரசு தடை விதித்தது. முன்னது கவிஞர் தம் இளமைக் காதலையும் கல்வியையும் பாடிய தன்வரலாறு. பின்னது ஒடுக்கப்பட்டோர் நிலையைப் பேசும் கதை. வெடிகுண்டு எதனுள்ளும் இல்லை.

பத்தாண்டுப் புதுவை வாழ்வுக்குப் பின், 1918 நவம்பர் 20 அன்று பிரிட்டிஷ் எல்லையுள் அடியெடுத்து வைத்ததும் கைது செய்யப்பட்டு, நம் மாவட்டத்தின் அந்நாளைய தலைநகராகிய கடலூரில் சிறை வைக்கப்பட்டார். விடுதலை கிடைத்தது மூன்று வாரத்துக்கு மேலான பின்னரே, அதுவும் நிபந்தனையோடு: எழுதுவது எதையும் இரகசியப் போலீஸ் உயரதிகாரிக்குக் காட்டிய பிறகே வெளியிடல் வேண்டும். பாஞ்சாலி சபதம் பாடிய கை, போலீஸ் அலுவலகத்துக்குக் கையெழுத்துப்படி அனுப்ப வேண்டிய நிலைக்கு வந்தது.

தடையே பாரதிக்குப் புகழ் தேடித் தந்தது என்பார் உளர். அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. பாடல் தப்பியது உண்மை, கவிஞர் தப்பவில்லை. 1920-இல் தம் எழுத்துகளை 40 நூல்களாக, நூலொன்றுக்கு 10,000 படி வீதம் வெளியிட விரும்பிப் பொருளுதவி வேண்டினார். திட்டம் கைகூடவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில், நாற்பது வயது நிறையுமுன் மறைந்தார். தடையும் கண்காணிப்பும் தின்ற ஆண்டுகளில் அவர் இன்னும் என்னென்ன பாடியிருப்பாரோ!

அவர் மறைந்த பின்னும் அச்சம் நீங்கவில்லை. 1928-இல் பர்மா அரசு சுதேச கீதங்களைத் தடை செய்ய, சென்னை அரசும் அதனைப் பின்பற்றியது. பாரதி பிரசுராலயத்தார் வெளியிட்டிருந்த படிகளைச் செப்டம்பரில் போலீசார் கைப்பற்றினர். அடுத்த மாதம் சட்டமன்ற மேலவையும் கீழவையும் என்ற பிரிவு தோன்றாத அக்காலத்துச் சட்டசபையில் இதுபற்றி விவாதம் எழுந்தது. எஸ். சத்தியமூர்த்தி தடைசெய்யப்பட்ட பாடல்களை உறுப்பினர் செவிகேட்க எடுத்தோதினார். அரசின் செயலைக் கண்டிக்கும் தீர்மானத்தை 76 பேர் ஆதரித்தனர். எதிர்த்தோர் 12 பேர். இருபத்தோராண்டு கழிந்து, 1949-இல், பாரதி நூல்களின் உரிமையை அவர் குடும்பத்தாரிடமிருந்து சென்னை அரசே பெற்றது. 1955-இல் அவை மக்களுக்குப் பொதுவாயின.