மடியில் ஒட்டிக் கொள்ளும் ஈஸ்ட்

வரப்பில் நடந்து வீடு திரும்பும்போது வேட்டி ஓரத்தில் நாயுருவி விதைகள் ஒட்டிக் கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். உதறினால் விழாது. ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்க வேண்டும். கறவை மாட்டின் மடிக்குள் புகும் ஈஸ்ட் என்னும் நுண்ணிய காளானும் இப்படித்தான் ஒட்டிக் கொள்கிறது.

மடிவீக்க நோய் என்றதும் நாம் பாக்டீரியாவையே நினைக்கிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆனால் சில மாடுகளில், காம்பு வழியாக இரண்டு மூன்று முறை மருந்து ஏற்றிய பிறகும் வீக்கம் வற்றாது. பால் திரிதிரியாக வந்து கொண்டேயிருக்கும். மருந்து சரியில்லை என்று வேறொன்றை வாங்கி ஏற்றுவோம். நோய்க்குக் காரணம் ஈஸ்டாக இருந்தால் அதுவும் வீண் செலவே. பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுத்து அதனைக் கொல்கிறது. ஈஸ்டின் செல்சுவர் வேறு பொருள்களால் ஆனது. இதைவிட வருந்தத்தக்கது, சுத்தமில்லாத மருந்துக் குழலின் நுனியே பல நேரங்களில் ஈஸ்டை மடிக்குள் கொண்டு சேர்க்கிறது என்பதுதான்.

மாட்டின் தோல், தீவனம், கொட்டகைத் தரை என எங்கும் ஈஸ்ட் உண்டு. மடியைத் தாக்குவதில் கேண்டிடா இனம் முக்கியமானது. இதன் ஒரு செல், ஒரு மில்லி மீட்டரில் ஏறத்தாழ 200-ல் ஒரு பங்குதான். தினமும் இருவேளை பால் கறக்கிறோமே, இத்தனை சிறிய உயிர் பாலோடு வெளியேறி விடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பகுதி வெளியேறவே செய்கிறது. மீதியைப் பிடித்து நிறுத்துபவை அதன் மேற்புறத்திலுள்ள புரதங்கள்.

இப்புரதங்களின் ஒரு முனை ஈஸ்டின் செல்சுவரில் பதிந்திருக்கும். மறுமுனை வெளியே நீண்டிருக்கும். அல்ஸ் எனப்படும் புரதங்களின் வெளி முனையில் ஒரு சிறு குழிவு உண்டு. உடல் செல்களின் மேலுள்ள புரதங்களின் நுனியை அது கவ்விக் கொள்கிறது. உருண்டையான ஈஸ்ட் நூலிழை போல் நீளும்போது வேறொரு புரதமும் தோன்றுகிறது. உடல் தன் புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்க ஒரு நொதியை வைத்திருக்கிறது. அந்த நொதியே இந்த அயல் புரதத்தையும் உடல் செல்லோடு பிணைத்து விடுவதாக 1999-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வீட்டுக்காரன் கயிற்றைக் கொண்டே திருடன் ஏணி கட்டிய கதைதான்! இவ்விவரங்களில் பெரும்பகுதி, மனிதரைத் தாக்கும் கேண்டிடா அல்பிகன்ஸ் வகையில் அறியப்பட்டவை. கைக்குழந்தையின் நாக்கில் தயிர் ஏடு போல் வெள்ளையாகப் படிவது அதுவே. பசுவின் மடியிலும் அது காணப்படுகிறது.

ஈஸ்ட் உயிருள்ள செல்லில் மட்டுமன்றி, பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் ஒட்டி ஏடு போல் படியும். ஆகவே கறவை இயந்திரத்தின் குழாய்களை வெறும் நீர் விட்டு அலசினால் போதாது. சோப்புத் தூளிட்ட வெந்நீரில் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்கு உலரவிட வேண்டும்.

மருந்து ஏற்றுமுன் காம்பு நுனியை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சினால் துடையுங்கள். ஒரு குழலை ஒரு காம்புக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். மீந்ததை எடுத்து வைத்து மறுநாள் ஏற்றும் சிக்கனம் வேண்டாம்.

ஈஸ்ட் என்று உறுதியானால், கால்நடை மருத்துவர் பாக்டீரியாவுக்கான மருந்தை நிறுத்தச் சொல்லி, அடிக்கடி பாலை ஒட்டக் கறந்துவிடச் சொல்லுவார். பெரும்பாலான மாடுகள் சில வாரங்களில் இதனாலேயே குணமடைகின்றன. ஆனால் சோதனை செய்யாமல் நீங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது. பாக்டீரியாவாக இருந்தால் மடியே கெட்டுவிடும். நோயுற்ற காம்பைக் கடைசியில் கறந்து, அப்பாலைத் தரையில் பீய்ச்சாமல் தனிப் பாத்திரத்தில் பிடித்து அப்புறப்படுத்துங்கள். கன்றுக்கும் கொடுக்க வேண்டாம்.

சோதனைக்கான பாலை மருந்து ஏற்றுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். முதல் சில பீய்ச்சல்களை விலக்கி, கொதிக்க வைத்து ஆறிய சிறு சீசாவில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து அன்றே மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். முன்பு எந்த மருந்தை எத்தனை முறை ஏற்றினீர்கள் என்பதையும், ஈஸ்டுக்கும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.